நாற்பதாவது பையன்: வீட்டு வருமானமும் டெக்சஸ் ஹைஸ்கூல் ஃபுட்பாலும்

2013 அக்டோபரில் டெக்சஸ் மாநிலத்தில் நடந்த ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டம் 91-0 என்று முடிந்தது. ஜெயித்தது ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு மேற்கே இருக்கும் அலீடோ என்ற வசதியான ஊரின் பள்ளி. தோற்றது அதே ஃபோர்ட் வொர்த்தின் மேற்குப் பக்கத்தில் உள்ள வெஸ்டர்ன் ஹில்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆட்டம் முடிந்ததும் தோற்ற பள்ளியின் பெற்றோர் ஒருவர், அலீடோ கோச் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திவிட்டார் என்று முறைப்படி புகார் கொடுத்தார். வகுப்பில் ஒருவனை நாலு பேர் சேர்ந்து சீண்டினால் எழுதிக் கொடுக்கும் அதே வகைப் புகார். விசாரித்துவிட்டு, கொடுமை எதுவும் நடக்கவில்லை என்று முடித்தார்கள்.

கோச் பக்கம் பார்த்தால் அவரும் பாவம்தான். முதல் வரிசை ஆட்டக்காரர்களைச் சீக்கிரமே வெளியே உட்காரவைத்தார். இரண்டாவது பாதியில் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். அப்படியும் புள்ளி ஏறிக்கொண்டே போனது. வாரம் முழுக்கப் பெஞ்சில் காத்திருந்து, கடைசியில் உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்த பையனிடம் 'ஓடாதே, விழுந்துவிடு' என்று சொல்லவா முடியும்?

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் 91 என்ற எண்ணைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பூஜ்யம்தான் உறுத்துகிறது. அலீடோவின் மாற்று ஆட்டக்காரர்களுக்கு எதிராகக்கூட வெஸ்டர்ன் ஹில்ஸ் பையன்களால் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. வீட்டு வருமானத்துக்கும் ஃபுட்பால் வெற்றிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பதில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இது நம்முடைய கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கியபடி முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். களத்தில் நிற்பது 11 பேர். ஆனால் தாக்க ஒரு 11, தடுக்க வேறொரு 11, உதைக்கத் தனி ஆள், அடிபட்டால் இறங்க ஆள். இது போதாதென்று, பயிற்சியின்போது எதிரணி மாதிரி நின்று இடி வாங்கவும் ஆள் வேண்டும். உருப்படியான அணி என்றால் நாற்பது ஐம்பது பேர். கூடைப்பந்தில் ஒரே ஒரு அசகாயசூரன் வந்து பள்ளியைத் தூக்கி நிறுத்திவிடலாம். ஃபுட்பாலில் முடியாது. முதல் பத்துப் பேர் பணக்கார ஊரிலும் கிடைப்பார்கள், ஏழை ஊரிலும் கிடைப்பார்கள். நாற்பதாவது பையன் எவ்வளவு தேறியிருக்கிறான் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரியும்.

டெக்சஸில் அரசுப் பள்ளிகளுக்கான போட்டிகளை நடத்துவது யுஐஎல் என்ற அமைப்பு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து, பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிக்கிறார்கள். தலையை எண்ணுவார்கள், பர்ஸை எண்ணுவதில்லை. தனியார் பள்ளிகள் பெரும்பாலும் வேறு அமைப்புகளில் விளையாடுகின்றன. கலிஃபோர்னியாவில் மேட்டர் டே, செயின்ட் ஜான் போஸ்கோ போன்ற கட்டணம் வாங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் உச்சியில் இருக்கின்றன. அங்கே பணம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவே வேண்டாம். டெக்சஸில் மேலே இருப்பவை எல்லாமே கட்டணம் வாங்காத அரசுப் பள்ளிகள். அப்படியிருந்தும் வருமானம் நுழைந்துவிடுகிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

பணம் என்றதும் ஸ்டேடியம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பதினாறு வயதுப் பையன் ஒருவனின் சாயங்காலத்தைப் பார்ப்போம். பள்ளி நாலு மணி வாக்கில் முடிகிறது. பயிற்சி முடிய ஆறு, ஆறரை. வழக்கமான பள்ளிப் பேருந்து அதற்குள் போய்விடும். டெக்சஸில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன் மாதிரி. அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் தங்கையை யார் பார்த்துக்கொள்வது? ஹாம்பர்கர் கடையில் மூன்று மணி நேரம் நின்றால் கிடைக்கும் காசு வாடகைக்கு உதவுமே? இப்படிப்பட்ட வீட்டிலும், அபாரத் திறமை உள்ள பையன் எப்படியோ விளையாடிவிடுவான். கோச்சே தன் காரில் கொண்டுபோய் விடுவார், நண்பன் வீட்டில் சாப்பாடு போடுவார்கள், ஊரே கைகொடுக்கும். சுமாரான பையனுக்கு யார் கைகொடுப்பார்கள்? பெஞ்சில் உட்காருவதற்காக நான்கு வருடம் அவன் எதற்கு இடி வாங்க வேண்டும்? வேலைக்குப் போய்விடுவான். போவதுதான் நியாயமும்கூட.

வசதியான வீட்டின் சுமாரான பையன் நின்றுவிடுவதில்லை. எடைதூக்கும் அறைக்குப் போகிறான், கோடையில் கேம்ப் போகிறான், முட்டி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கிறான், வயிறு நிறையச் சாப்பிடுகிறான். பதினேழாவது வயதில் பார்த்தால் அவன் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் ஓர் ஆள் விழுந்தால் அந்த இடத்தில் இறக்கலாம். 91-0 ஆட்டத்தில் கடைசியில் இறங்கியது இவன்தான்.

இன்னொன்று, வீடு மாறாமல் இருப்பது. டெக்சஸில் பள்ளி ஃபுட்பால் ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். அங்கே அரசுப் பள்ளிகளை ஊர்வாரியாக நடத்தும் அமைப்புக்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். ஒழுங்காக நடக்கும் டிஸ்ட்ரிக்ட்டுகளில் நடுநிலைப் பள்ளிப் பையனும் ஹைஸ்கூல் அணியின் அதே ஆட்டத் திட்டத்தைத்தான் படிக்கிறான், அதே பெயர்கள், அதே சைகைகள். ஆறு வருடம் படித்தவனுக்கு அது தாய்மொழி மாதிரி வந்துவிடும். வாடகை ஏறும்போதெல்லாம் ஜாகை மாற்றும் குடும்பத்துப் பையன் ஒவ்வொரு ஊரிலும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறான்.

அப்புறம் மார்க். 1984ல் டெக்சஸ் அரசு பெரிய கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு வழி வகுத்த குழுவின் தலைவர், பின்னாளில் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ. எந்தப் பாடத்திலும் 70க்குக் கீழே போனால் விளையாடக் கூடாது என்றது சட்டம். முதலில் தடை ஆறு வாரம், 1995ல் அதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். எழுத்தில் எல்லோருக்கும் ஒரே விதி. டியூஷன் வைக்க முடிந்த வீட்டில் அது ஒரு தொந்தரவு. முடியாத வீட்டில் அது சீசனையே முடித்துவிடும். டல்லாஸ் நகரத்தின் கார்ட்டர் ஹைஸ்கூல் 1988ல் அரையிறுதியில் ஒடெசா பெர்மியனை 14-9 என்று வென்று, பட்டத்தையும் வென்றது. ஒரே ஒரு ஆட்டக்காரரின் அல்ஜீப்ரா மதிப்பெண் நீதிமன்றம் வரை இழுபட்டு, கடைசியில் பட்டம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு ஜட்ஸன் என்ற பள்ளிக்குப் போனது.

ஓர் இடத்தில் மட்டும் வருமானம் பெஞ்சை விட்டு எழுந்து களத்தின் நடுவிலேயே வந்து நிற்கிறது. குவார்ட்டர்பேக் என்னும் இடம். பந்தை எறிபவர், அணியின் மூளை. இதற்கென்று தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மணிக்கு நூறு டாலர் கொடுப்பது அங்கே பெரிய விஷயமில்லை. பட்டியலைப் பாருங்கள். ஆஸ்டினின் பணக்காரப் புறநகரான வெஸ்ட்லேக்கிலிருந்து ட்ரூ ப்ரீஸ், நிக் ஃபோல்ஸ். இருவருமே தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்கள். பக்கத்து லேக் டிராவிஸிலிருந்து பேக்கர் மேஃபீல்ட். டல்லாஸ் நகரம் சுற்றி வளைத்திருக்கும் குட்டிச் செல்வந்த ஊர் ஹைலண்ட் பார்க்கிலிருந்து மாத்யூ ஸ்டாஃபோர்ட். ஸவுத்லேக்கின் கேரல் பள்ளியிலிருந்து சேஸ் டேனியல், கிரெக் மெக்எல்ராய், க்வின் யூவர்ஸ். ஸவுத்லேக்கில் குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். மாநிலத்துக்கு அது ஏறத்தாழ 75,000. இந்த ஊர்கள் ஓடுபவர்களையோ தடுப்பவர்களையோ இந்த அளவுக்கு உற்பத்தி செய்ததில்லை. ஓட்டம் உடம்போடு வருவது. எறிவதும், எதிரணி எப்படி நிற்கிறது என்று படிப்பதும் பத்து வயதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியவை.

சரி, இப்போது ஸ்டேடியத்துக்கு வரலாம். டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் 2012ல் ஹைஸ்கூலுக்காக 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் திறந்தார்கள். செலவு 6 கோடி டாலர். இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு மூடினார்கள். 2015ல் மறுபடி திறந்தார்கள். ஸ்டேடியம் மூடிக் கிடந்த 2014 சீசனிலும் ஆலன்தான் மாநிலச் சாம்பியன். அந்தப் பட்டத்தை வென்ற அணியின் கைலர் மர்ரே, ஹைஸ்கூலில் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய 42 ஆட்டங்களிலும் தோற்கவே இல்லை. ஆக, ஸ்டேடியம் ஜெயிக்கவில்லை. ஆனால் ஸ்டேடியம் கட்ட முடிகிற ஊர் எது என்று பார்த்தால் வேறொரு கதை தெரியும்.

டெக்சஸில் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது. பணக்கார டிஸ்ட்ரிக்ட்டின் வரியில் ஒரு பகுதியை எடுத்து ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1993ல் வந்தது. ராபின் ஹூட் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அன்றாடச் செலவுக்கான வரிக்குத்தான் இந்த விதி. ஊர் மக்கள் ஓட்டுப்போட்டுக் கடன் பத்திரம் வெளியிட்டு, அதை அடைக்கத் தனியாக வரி கட்டினால், அந்தக் காசை ராபின் ஹூட் தொட முடியாது. ஆசிரியர் சம்பளத்துக்கான பணத்தில் பங்கு போய்விடும். கட்டடத்துக்கான பணம் முழுசாக ஊரிலேயே நிற்கும். கூரை போட்ட பயிற்சி மைதானங்கள் ஏன் இத்தனை முளைத்தன என்பதற்கு ஆட்டத்தின் மீதுள்ள வெறி மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும்தான்.

ஸ்டேடியத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஆலனில் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு லட்சம் பேர் வாழும் ஊருக்கு ஒரே ஹைஸ்கூல். இரண்டாக, மூன்றாகப் பிரித்திருக்கலாம், பிரிக்கவில்லை. ஸவுத்லேக், வெஸ்ட்லேக், லேக் டிராவிஸ், ஹைலண்ட் பார்க் எல்லாமே பெயர் வாங்கிய காலத்தில் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரே ஹைஸ்கூல் வைத்திருந்தவை. ஊரின் மொத்தத் திறமையும் ஒரே சட்டையில். டல்லாஸ் நகர டிஸ்ட்ரிக்ட்டிலோ இருபதுக்கு மேல் ஹைஸ்கூல்கள். இருக்கும் திறமை அத்தனைக்கும் சிதறிப்போகிறது. அந்தப் பக்கம் குடியேறிய நம் ஆட்களுக்கு இந்த எல்லைக்கோட்டின் மகிமை நன்றாகத் தெரியும். பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன் பகுதிகளில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் அடுப்படியைப் பார்ப்பதற்கு முன் கேட்பது 'எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?' என்றுதான். அவர்கள் நினைப்பில் இருப்பது கணக்கும் அறிவியலும். ஆனால் அதே கோடுதான் ஃபுட்பால் நடக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரியையும் தீர்மானிக்கிறது.

இவ்வளவு சொன்னபின் எதிர்த்தரப்பு. அது கொஞ்சம் பலமாகவே இருக்கிறது.

டெக்சஸின் மிகப் பெரிய பிரிவான 6ஏ முதல் டிவிஷன் இறுதி ஆட்டங்களை 2018லிருந்து 2023 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சீசன். அதில் ஐந்து இறுதி ஆட்டங்கள் ஒரே இரண்டு பள்ளிகளுக்கிடையில்: ஹூஸ்டனின் கிழக்கே துறைமுகக் கால்வாய்ப் பக்கத்துத் தொழிலாளர் பகுதியின் நார்த் ஷோர், டல்லாஸின் தென்புறத்து டங்கன்வில். 2018, 2019, 2021ல் நார்த் ஷோர் வென்றது. 2022, 2023ல் டங்கன்வில். இரண்டிலும் மாணவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் குடும்பத்துப் பிள்ளைகள். பாதிக்கு மேல் குறைந்த வருமான வீடுகளிலிருந்து வருபவர்கள். நடுவில் ஒரே ஒரு வருடம், 2020 சீசனில், வெஸ்ட்லேக்கும் ஸவுத்லேக் கேரலும் மோதின. பணக்காரப் புறநகர் இரண்டும் எதிரெதிரே. ஒரு பக்கத்துக் கோச் டாட் டாட்ஜ், எதிர்ப்பக்கத்துக் கோச் அவருடைய மகன். அப்பா 52-34 என்று ஜெயித்தார்.

வருமானம்தான் எல்லாம் என்றால் நார்த் ஷோரும் டங்கன்வில்லும் அங்கே எப்படி வந்தன? பள்ளியின் அளவைப் பாருங்கள். டங்கன்வில் டிஸ்ட்ரிக்ட்டிலும் ஒரே ஹைஸ்கூல்தான், நான்காயிரத்துக்கு மேல் பிள்ளைகள். நார்த் ஷோரும் அதே மாதிரி ராட்சதப் பள்ளி. ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் ஏழைப் பள்ளியில் வீட்டுக் கஷ்டத்தால் பாதிப் பேர் நின்றுவிட்டால் பெஞ்ச் காலி. நான்காயிரம் பேர் இருந்தால் பாதிப் பேர் நின்ற பிறகும் நாற்பதாவது பையன் கிடைப்பான். பணம் செய்கிற வேலையை அங்கே எண்ணிக்கை செய்கிறது. நார்த் ஷோர் பகுதியில் குடும்பங்கள் எளியவை என்றாலும், ரசாயன ஆலைகளும் கிடங்குகளும் டிஸ்ட்ரிக்ட்டின் எல்லைக்குள் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. வரி கட்டுவது வீடுகள் மட்டுமல்ல.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இன்னொரு வகை ஊர் உண்டு. அதைப் பார்க்க ஃப்ளோரிடா போக வேண்டும். ஓகிசோபி ஏரியின் கரையில் பெல் கிளேடு, பஹோகி என்று இரண்டு ஊர்கள். கறுப்புச் சேற்று மண், கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. கோடீஸ்வரர்களின் கடற்கரை மாளிகைகளுக்குப் பேர்போன பாம் பீச் கவுண்டியில்தான் இவையும் இருக்கின்றன. நடுவில் அறுபது எழுபது கிலோமீட்டர்தான். அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைத்ததும் முயல்கள் சிதறி ஓடும். பையன்கள் அவற்றை விரட்டிக் கையால் பிடித்து விற்பார்கள். ஓட்டப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பார்கள் ஊர்க்காரர்கள். கேட்க அழகான கதைதான். ஆனால் முயல் பிடித்தவனுக்கு மாலையில் போக வேறு இடமே இல்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்குப் போனவர்கள் டஜன் கணக்கில்: பஹோகியின் ரிக்கி ஜாக்ஸன், அன்குவான் போல்டின், பெல் கிளேடின் ஃப்ரெட் டெய்லர், சான்டோனியோ ஹோம்ஸ், கெல்வின் பெஞ்சமின். பஹோகி 2003லிருந்து 2008க்குள் ஐந்து முறை மாநிலப் பட்டம் வென்றது.

இது என் பெஞ்ச் கணக்குக்கு முரணாகத் தெரியலாம். ஆனால் பஹோகி வென்றது சிறிய பள்ளிகளின் பிரிவில். அங்கே யாரிடமும் பெஞ்ச் கிடையாது. ஒரே பையன் தாக்கவும் தடுக்கவும் இறங்குவான். முதல் பதினொரு பேர் யாரிடம் நன்றாக இருக்கிறார்களோ அவர்கள் ஜெயிக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நான் சொன்ன ஐந்து பேரில் குவார்ட்டர்பேக்காக என்எஃப்எல்லில் ஆடியவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் ஓடுபவர்கள், பிடிப்பவர்கள், இடிப்பவர்கள். விதிவிலக்கும் அதே கவுண்டியில் இருக்கிறது: பாய்ன்டன் பீச் பள்ளியில் படித்த லமார் ஜாக்ஸன். அவர் எறியவும் செய்வார், எல்லோரையும்விட வேகமாக ஓடவும் செய்வார்.

சில மாநிலங்கள் இந்தக் கணக்கை விதிப்புத்தகத்திலேயே ஏற்றிவிட்டன. மின்னெசோட்டாவில் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையில் 40 சதவீதத்தைக் கழித்துவிடுகிறார்கள். மிச்சத்தை வைத்துத்தான் எந்தப் பிரிவு என்று முடிவாகும். (நம் ஊர்ச் சத்துணவு மாதிரி இல்லை அங்கே, பல இடங்களில் வீட்டு வருமானத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் என்றால் இலவசம், 185 வரை சலுகை விலை.) 1,500 பேர் படிக்கும் பள்ளியில் 700 பேர் அந்தப் பட்டியலில் இருந்தால், 280 கழிந்து 1,220 ஆகிவிடும். டி மொய்ன் நகரப் பள்ளிகள் புறநகர்ப் பள்ளிகளிடம் வருடக்கணக்கில் உதைவாங்கிய அயோவா மாநிலமும் 2023 சீசனிலிருந்து ஃபுட்பாலுக்கு இதே 40 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. சில நகரப் பள்ளிகள் ஒரு பிரிவு கீழே இறங்கின.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பெஞ்சில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை அது ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறது. அந்தப் பையன்களின் சாயங்காலத்தில் எதையும் மாற்றுவதில்லை.

டெக்சஸில் இப்படி எந்தக் கழிவும் கிடையாது. இருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கலாம். டல்லாஸின் தென்பகுதியில் ஸவுத் ஓக் கிளிஃப் என்று ஒரு பள்ளி. 2015 டிசம்பரில், ஒழுகும் கூரையும் கட்டடத்தின் நிலையும் பொறுக்காமல் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து போராடினார்கள். அதன்பிறகே கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. 2021ல் அந்தப் பள்ளி 5ஏ இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்றது. கார்ட்டரிடமிருந்து பறித்ததைக் கணக்கில் விட்டால், டல்லாஸ் டிஸ்ட்ரிக்ட்டுக்கு 1950க்குப் பிறகு கிடைத்த முதல் யுஐஎல் பட்டம் அது. 2022ல் மறுபடியும் வென்றது. அந்த அளவிலான ஒரு பள்ளியில் 1,400 பேர், அதில் 1,300 பேர் மதிய உணவுப் பட்டியலில் என்று வைத்துக்கொள்வோம். 520 கழிந்தால் 880. 5ஏ தொடங்குவதே ஏறத்தாழ 1,300ல். தொடர்ந்து இரண்டு வருடம் பட்டம் வென்ற அணியைப் பார்த்து, 'பாவம், நீங்கள் ஒரு பிரிவு கீழே ஆடுங்கள்' என்று சொல்லியிருக்கும் அந்தக் கணக்கு. நான்காயிரம் பேர் படிக்கும் டங்கன்வில்லுக்கோ எவ்வளவு கழித்தாலும் அதே 6ஏதான்.